கொள்திறன் சரி, மணி சரியா?

"கொள்திறன் வந்துவிட்டது அல்லவா? பிறகு எதற்கு இவ்வளவு யோசனை?" நீரில் கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளான அயனிப் பரிமாற்ற ரெசின் தயாரிக்கும் இடங்களில், காலைக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத உற்பத்தி மேலாளரை நான் பார்த்ததில்லை. ஆள் மாறுவார், கேள்வி மாறாது. கேட்பவர்மீது குற்றம் சொல்லவும் முடியாது. விற்பவரும் வாங்குபவரும் முதலில் பார்க்கும் எண் அதுதான். ஒரு லிட்டர் ரெசின் எவ்வளவு அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர ஒரு ரெசினிடம் வேறென்ன கேட்டுவிட முடியும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மணிகளில் அமிலத் தொகுதிகளை ஏற்றும் சல்ஃபோனேற்றப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் அமில வாடையோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. நாங்கள் செய்யும் வேலைகளிலேயே சுலபமானதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு, கடினமானதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் பல காலம் நான் ஒருவன்தான் உறுப்பினர்.

சுலபம் என்று ஏன் சொல்கிறேன்? ஸ்டைரீனும் டைவினைல்பென்சீனும் சேர்ந்து உருவான கோபாலிமர் மணிக்குள் இருப்பவை வரிசை வரிசையாகப் பென்சீன் வளையங்கள். செறிந்த கந்தக அமிலத்தில் போட்டுச் சூடேற்றினால் வளையத்துக்கு ஒன்றாகச் சல்ஃபோனிக் அமிலத் தொகுதி போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்று ஒட்டியதுமே அந்த வளையம் மந்தமாகிவிடும். இரண்டாவது அங்கே ஏற மறுக்கும். ஆக, வினை தானாகவே ஓர் எல்லையில் வந்து நின்றுகொள்கிறது. 104 எடையுள்ள ஸ்டைரீன் அலகு 184 ஆகிறது. 1000-ஐ 184-ஆல் வகுத்தால் உலர்ந்த ரெசினின் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 5.4 மில்லிசமானம் (அயனி பிடிக்கும் அளவின் அலகு). பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்புக்கு (அது டைவினைல்பென்சீனின் வேலை) போன பங்கைக் கழித்தால், நல்ல சரக்கில் 5-ஐத் தொட்டும் தாண்டியும் நிற்கும். அமிலம் தேவைக்குப் பல மடங்கு இருந்து, அதன் செறிவு இறங்கிவிடாமல், சூடு 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில மணி நேரம் நிலைத்தால் இந்த எண் வந்தே தீரும். வராமல் போக வேண்டுமென்றால் யாராவது பாடுபட்டுத்தான் கெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட எண் ஒரு நல்ல பேட்சையும் மோசமான பேட்சையும் எப்படிப் பிரித்துக் காட்டும்?

பயன்படுத்துபவர் படும் பாடு வேறு இடத்தில் இருக்கிறது. ரெசின் தூண் ஒன்றில் நீரைச் செலுத்துகிறார். கால்சியமும் மக்னீசியமும் சோடியமும் மணிக்குள் ஏறிக்கொள்கின்றன. மணிகள் நிரம்பியதும் அமிலத்தையோ உப்புக் கரைசலையோ விட்டு அவற்றை இறக்குகிறார். ஒவ்வொரு சுற்றிலும் மணி சுருங்குகிறது, மீண்டும் விரிகிறது. ஹைட்ரஜன் வடிவத்தில் சற்றுப் பெரிது, சோடியம் வடிவத்தில் சற்றுச் சிறிது. நூற்றுக்கணக்கான சுற்றுகள் இப்படிப் போகும். உள்ளே கீறல் இருக்கும் மணி இந்த மூச்சுவாங்கலில் இரண்டாகும், நான்காகும். துண்டுகள் மணிகளுக்கு இடையிலான வழியை அடைக்க, தூணின் அழுத்த இழப்பு ஏறும். பின்னோக்கிக் கழுவும்போது தூள் அடித்துக்கொண்டு போகும். அனல்மின் நிலையக் கொதிகலனுக்குள் அந்தத் தூள் போய்விட்டால் சூட்டில் சிதைந்து, ஒட்டிய கந்தகத்தை அமிலமாகக் கக்கும். இத்தனைக்கும் அந்தத் துண்டுகளை எடுத்துத் தரம்பார்த்தால் கொள்திறன் கிராமுக்கு அதே அளவுதான் காட்டும். உடைந்த மணியும் முழு மணியும் தராசில் ஒன்றே.

மணி பிறக்கும் இடம்

சல்ஃபோனேற்றத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தவன் அதற்கு முந்தைய பிரிவுக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. மணியில் விரிசல் கண்ணுக்குத் தெரியும் இடம் அமிலத்துக்குப் பிறகு என்பதால், பழி எப்போதும் எங்கள் தலையில்தான் விழும். பாலிமர் பிரிவினர் எங்களிடம் அனுப்பும் கோபாலிமர், பார்ப்பதற்கு நீர்த்துளி உறைந்தது போலத் தெளிவாக இருக்கும். "நாங்கள் கண்ணாடி கொடுத்தோம், நீங்கள் கரித்துண்டு ஆக்கிவிட்டீர்கள்" என்று அவர்கள் சொல்வதற்கு அந்தத் தெளிவே சாட்சி.

ஆனால் அந்தத் தெளிவுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண்ணெய் போன்ற ஸ்டைரீன் கலவையை, பாலிவினைல் ஆல்கஹாலோ ஜெலட்டினோ சேர்த்த நீரில் விட்டுக் கலக்கியால் கலக்குகிறார்கள். கலக்கியின் வேகமும் நீரில் கரைந்த நிலைப்படுத்தியும் சேர்ந்து துளியின் அளவைத் தீர்மானிக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு தொடக்கி. 80 டிகிரியை ஒட்டி வினை கிளம்பும். முதலில் நீர்மத் துளி, கடைசியில் கெட்டி மணி. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆபத்தான காலம் இருக்கிறது, துளிகள் பசைபோல் ஒட்டும் காலம். அப்போது ஒன்றோடொன்று மோதும் துளிகள் பிரியாமல் சேர்ந்துவிடப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்க் கலக்கி நின்றால், ரியாக்டர் முழுக்க ஒரே பாளமாகிவிடும். அதை உள்ளே இறங்கி உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பாலிமர் பிரிவினரின் கெட்ட கனவுகள் எல்லாம் இந்தக் கட்டத்தைப் பற்றியவை. அவர்களுக்கு மணி உருண்டையாக வந்துவிட்டாலே பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில் ஒரு விஷயத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

டைவினைல்பென்சீன் அவசரக்காரச் சரக்கு. ஸ்டைரீனைவிட வேகமாக, குறிப்பாக அதன் பாரா வடிவம், சங்கிலியில் சேர்ந்துகொள்ளும். அதனால் முதலில் உருவாகும் வலை நெருக்கமாகவும், கடைசியில் உருவாகும் வலை தளர்வாகவும் அமைகிறது. பொதுப் பயன்பாட்டுக்கான ஜெல் வகை ரெசினில் 8 சதவீதக் குறுக்கிணைப்பு என்று எழுதுகிறோம். அது சராசரிக் கணக்கு. (சந்தையில் கிடைக்கும் டைவினைல்பென்சீனே 55 அல்லது 63 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் எத்தில்வினைல்பென்சீன், எடை போடும்போது இதை மறப்பவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வருகிறார்கள்.) மணியின் உள்ளே ஓரிடத்தில் வலை இறுக்கமாக, பக்கத்திலேயே நெகிழ்வாக இருக்கும். உலர்ந்த, வீங்காத நிலையில் இந்த ஏற்றத்தாழ்வு யாரையும் தொந்தரவு செய்யாது. மணியை வீங்கச் சொல்லும்போதுதான் வம்பு. நெகிழ்ந்த பகுதி விரிய நினைக்கும், இறுகிய பகுதி விடாது.

இந்தக் குறுக்கிணைப்பு இல்லாவிட்டாலும் வேலை நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் பாலிஸ்டைரீனைச் சல்ஃபோனேற்றம் செய்தால் கிடைப்பது நீரில் கரைந்துபோகும் ஒரு பொருள். சிறிதளவு டைவினைல்பென்சீன் சேர்த்தாலே பாலிஸ்டைரீன் கரையாமல் வீங்க மட்டும் செய்யும் என்று 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஸ்டாடிங்கர் காட்டினார். கரையாமை தேவை, ஆனால் வீக்கமும் தேவை. வீங்காத மணிக்குள் அயனி நுழைய வழியில்லை. 8 சதவீதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு சமரசம். அதில் ரெசின் தன் எடையில் ஏறக்குறையப் பாதியை நீராக வைத்துக்கொள்கிறது.

அமிலம் உள்ளே போகும் வழி

எங்கள் பிரிவுக்கு வந்ததும் மணிக்கு முதலில் கிடைப்பது அமிலம் அல்ல, எத்திலீன் டைகுளோரைடு. கெட்டியான கோபாலிமருக்குள் அமிலம் எளிதில் புகாது. அதனால் கரைப்பானை ஊட்டி மணியை முதலில் ஊதவைக்கிறோம். பிறகு அமிலத்தைச் சேர்த்துச் சூட்டை மெல்ல ஏற்றுவோம். 83 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் கரைப்பான் ஒரு கட்டத்தில் வாலைவடிந்து வெளியேறத் தொடங்கும். அதற்குள் அமிலம் அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். கரைப்பான் உடல்நலத்துக்குக் கேடானது, புற்றுநோய் ஐயமும் அதன்மேல் உண்டு. எனவே மணியில் அதன் மிச்சம் நிற்கக் கூடாது, காற்றிலும் கலக்கக் கூடாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கரைப்பான் இல்லாமல் இன்னும் அதிகச் சூட்டில் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய காற்று சுத்தம். ஆனால் மணிமீது அவர்கள் சுமத்தும் பளு கூடுதல் என்பது என் அபிப்பிராயம்.

காரணம், அமிலம் மணிக்குள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காக முன்னேறுகிறது. வினை நடுவழியில் இருக்கும்போது ஒரு மணியை எடுத்து, கழுவி, குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளியே தேன் நிறத்தில் ஒரு வளையம், உள்ளே நிறமற்ற கரு, இரண்டுக்கும் இடையே கத்தியால் கீறியதுபோல் ஓர் எல்லை. வெளி அடுக்கின் எடை கூடிவிட்டது, பருமன் கூடிவிட்டது, அமிலத்தை உறிஞ்சி வீங்கவும் செய்கிறது. உள்ளே இருப்பதோ இன்னும் பழைய பாலிஸ்டைரீன், அமிலத்துக்குப் பாராமுகம். வெளியே இருப்பது உள்ளிருப்பதை எல்லாப் பக்கமும் வெளிநோக்கி இழுக்கிறது. கரைப்பான் ஊட்டியிருந்தால் உட்கருவும் நெகிழ்ந்து கொடுக்கும். ஊட்டாவிட்டால் இழுப்பு முழுவதும் அந்த எல்லைக் கோட்டில் வந்து விழும். சில மணிகள் அங்கேயே வெங்காயம்போல் தோல் உரித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போது நடக்கிறது. ஒவ்வொரு தொகுதி ஒட்டும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியே வருகிறது. அமிலத்தை அது நீர்க்கச் செய்கிறது; செறிவு இறங்கினால் வினை தயங்கி, ஓர் அளவுக்குக் கீழே நடைமுறையில் நின்றேவிடும். அதனால்தான் அமிலத்தை அத்தனை மடங்கு மிகையாக எடுக்கிறோம். அந்த மிகை அமிலத்தை யார் தலையில் கட்டுவது என்பது தனிப் பஞ்சாயத்து. உரத் தொழிற்சாலைக்கா, மறுபடி செறிவேற்றவா, நடுநிலையாக்கிக் கழிக்கவா என்று அதற்கே ஒரு தனிக் கோப்பு ஓடும். கிலோக் கணக்கில் ரெசின் விற்பவன், டன் கணக்கில் கழிவு அமிலத்துக்கு வழி தேடுகிறான். அதை இத்துடன் விடுகிறேன்.

நீரைச் சந்திக்கும் நேரம்

வினை முடிந்துவிட்டது. கொள்திறன் வந்துவிட்டது. மேலாளருக்கு வேலை முடிந்தது. என் கணக்கில் அப்போதுதான் தொடங்குகிறது. ரியாக்டரில் இருப்பது, செறிந்த அமிலத்தை உள்ளும் புறமும் நிரப்பிக்கொண்ட கறுத்த மணிகள். அவற்றை நீருக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே நீரில் கொட்டினால் என்ன ஆகும் என்பதைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு குவளையில் செய்துகாட்டுவோம்: எரிந்துகொண்டிருக்கும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் நீர் தெறித்தாற்போல், படபடவென்ற ஓசையோடு மணிகள் சிதறும். அமிலம் நீரைச் சந்திக்கும் சூடு ஒரு பக்கம். மணிக்குள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் சல்ஃபோனிக் தொகுதிகள் நீரை இழுக்கும் இழுப்பு மறுபக்கம். சவ்வூடு பரவல் அழுத்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது, இங்கே வளிமண்டல அழுத்தத்தின் நூறு மடங்கை எட்டக்கூடிய ஒரு விசையாக மணியின் வெளித்தோலில் வந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் பகுதிக்கு நீர் வந்த செய்தியே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

எனவே படிப்படியாக இறக்குகிறோம். செறிந்த அமிலத்தை வடித்துவிட்டு அதைவிடச் சற்று நீர்த்த அமிலம், பிறகு அதைவிட நீர்த்தது, பிறகு இன்னும் நீர்த்தது, கடைசியில்தான் நீர். ஒரு பேட்சில் வடிந்த நீர்த்த அமிலங்களைத் தனித்தனித் தொட்டிகளில் வைத்திருந்து அடுத்த பேட்சின் படிகளுக்குப் பயன்படுத்துவோம். இல்லாவிட்டால் கழிவு அமிலக் கோப்பு இன்னும் கனத்துவிடும். ஒவ்வொரு படியிலும் மணியின் உள்ளும் வெளியும் சமன் ஆகக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. ரியாக்டர் நிறைந்திருக்கிறது, சூடு இல்லை, வினை இல்லை, ஆவி இல்லை, அளவுமானிகளில் அசைவில்லை. பார்ப்பவர்களுக்கு எதுவுமே நடக்கவில்லை. "இந்தப் படிகளில் இரண்டைக் குறைத்தால் வாரத்துக்கு ஒரு பேட்ச் கூடும்" என்று திட்டப்பிரிவு கணக்குப் போட்டுக் காட்டியது. கணக்கில் தவறில்லை. குறைத்துப் பார்த்தோம். கொள்திறன் இம்மியும் மாறவில்லை. முழு மணிகளின் விகிதமும் முதல் பார்வைக்குப் பெரிதாகக் குறையவில்லை. கூட்டத்தில் என் கட்சிக்கு அன்று வைப்புத்தொகையும் போயிற்று.

பிறகு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த மாதிரிப் புட்டியில் பாதிக்கு மேல் துண்டுகள். உடனே மூன்று பிரிவுகளுக்கும் வழக்கமான சண்டை. பாலிமர் பிரிவினர் தம் கண்ணாடியைக் காட்டினார்கள். அமிலப் பிரிவில் சூட்டுப் பதிவேட்டைக் காட்டினார்கள். நான் நீரேற்றப் படிகளைக் காட்டினேன். இப்படி ஆளுக்கொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருவர், எவருடைய கட்சியிலும் இல்லாதவர், "சார், அமிலத்துக்குப் போகுமுன் கோபாலிமரையே போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் என்ன?" என்றார். சிறிய யோசனை. நுண்ணோக்கியின் விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு தகடுகள். ஒளி வராது, பார்வைப்புலம் இருட்டு. நடுவில் மணிகளை வைக்க வேண்டும். உள்ளிறுக்கம் இல்லாத மணி அந்த இருட்டிலேயே மறைந்துபோகும். இறுக்கம் உள்ள மணி, நான்கு வெளிச்சத் துண்டுகளும் நடுவே ஒரு கரிய சிலுவையுமாக மின்னும்.

எங்களுக்குக் கிடங்கில் பேட்ச் வாரியாக மாதிரிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெளிவாக இருந்த கோபாலிமர்கள், குறுக்குத் தகடுகளுக்கு நடுவே இரண்டு சாதியாகப் பிரிந்தன. சில பேட்சுகள் ஏறக்குறைய முழு இருட்டு. சிலவற்றில் சிலுவைகள் கொட்டிக்கிடந்தன. பதிவேடுகளைப் புரட்டியபோது, சிலுவைகள் நிறைந்தவற்றில் பெரும்பாலானவை அந்த ஒட்டும் காலத்தில் சூடு கட்டுப்பாட்டை மீறி ஓடியவை. ஸ்டைரீன் பாலிமராகும்போது மோலுக்கு ஏறக்குறைய 70 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். குளிர்விப்பு சற்றுப் பின்தங்கினால் வினை தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். மணி உருண்டையாகத்தான் வந்திருந்தது, தெளிவாகத்தான் வந்திருந்தது. அமிலம் தொடுவதற்கு முன்பே அதன் உள்ளே இழுபறி இருந்திருக்கிறது. இரண்டு வகையையும் ஒரே ரியாக்டரில், ஒரே படிகளில் நீரேற்றியபோது, இருட்டு மணிகள் அவசரத்தைப் பொறுத்துக்கொண்டன. சிலுவை மணிகள் பொறுக்கவில்லை. அமிலமும் உப்பும் மாறி மாறிச் செலுத்தும் சுழற்சிச் சோதனையில் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. தரம்பார்த்ததில் இரண்டுக்கும் கொள்திறன் ஒன்றே, இரண்டாம் தசமம் வரை.

பாலிமர் பிரிவினரின் முகம் சுருங்கியது என்பதை நான் ரசித்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல, கொஞ்சம் ரசித்தேன். ஆனால் அதே தட்டில் எனக்கும் ஒரு கேள்வி வைக்கப்பட்டிருந்தது. இருட்டு மணிகள் இருந்த பேட்சிலும் உடைந்தவை இருந்தன. அவற்றை அளந்து பார்த்தால், உடைந்தவற்றில் பெரிய மணிகளின் பங்கு அளவுக்கு மீறி இருந்தது. கலக்கி உருவாக்கும் துளிகள் ஒரே அளவில் வருவதில்லை; ஒரே பேட்சில் 0.3 மில்லிமீட்டரும் இருக்கும், 1.2 மில்லிமீட்டரும் இருக்கும். ஒரு பொருள் ஊடுருவிப் பரவ எடுக்கும் நேரம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆரம் நான்கு மடங்கென்றால் நேரம் பதினாறு மடங்கு. சின்ன மணி ஒரு படியில் சமனாகி வெகுநேரம் சும்மா மிதந்துகொண்டிருக்கும்போது, பெரிய மணியின் நடுவில் பழைய செறிந்த அமிலம் அப்படியே இருக்கும். அந்த நிலையில் அடுத்த படிக்கு இறக்கினால், நாம் நீர்க்கச் செய்த அமிலம் நீருக்குச் சமானமாகத்தான் அதற்குப் படும். அத்தனை காத்திருப்பும் அந்தச் சிறுபான்மைக்காகவே என்று ஆகிறது.

எண்ணில் வராதது

இந்தத் தொழிலின் வரலாற்றில் கொள்திறனைப் பெரிதாக நினைப்பதற்கு நியாயம் இருந்த காலம் ஒன்று உண்டு. மண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே விடுகிறது என்று தாம்சனும் வேயும் 1850-இல் எழுதினார்கள். அங்கிருந்து செயற்கை ஜியோலைட்டுகள், சல்ஃபோனேற்றிய நிலக்கரி, பிறகு 1935-இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் ஆடம்ஸும் ஹோம்ஸும் செய்த ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின் என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூடுதலாகப் பிடித்தது, அல்லது கூடுதல் காலம் நின்றது. 1944-இல் அமெரிக்க வேதியியலாளர் டி'அலேலியோவுக்குக் காப்புரிமை கிடைத்த சல்ஃபோனேற்றிய ஸ்டைரீன் மணிதான் அந்த ஓட்டத்தை முடித்துவைத்தது. அதன்பின் வளையத்துக்கு ஒன்று என்ற எல்லையைத் தாண்டிப் போக இடமில்லை. ஓட்டப்பந்தயம் முடிந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் நாம் முடிவுக்கோட்டின் அருகில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருக்கிறோம்.

ரெசினிடம் கொள்திறனைத் தவிர வேறென்ன கேட்க முடியும் என்பவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு மென்டலீவியம். 1955-இல் பெர்க்லியில் 101-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தபோது, அடையாளம் காணக் கிடைத்தவை 17 அணுக்கள். அவற்றைப் பக்கத்துத் தனிமங்களிலிருந்து பிரித்துக் காட்டியது சல்ஃபோனேற்றிய பாலிஸ்டைரீன் மணிகள் நிறைந்த ஒரு சின்னத் தூண். கழுவி இறக்கும்போது எந்தத் தனிமம் எந்தத் துளியில் வரும் என்ற வரிசையை வைத்துத்தான் அது புதிய தனிமம் என்று முடிவு கட்டினார்கள். 101, 100-க்கு முன்னால் வெளியே வந்தது. 17 அணுக்களைப் பிடிக்கக் கொள்திறன் எதற்கு? ஒரு மணியே பல கோடி கோடி அயனிகளை விழுங்கும். அங்கே தேவைப்பட்டதெல்லாம் ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைப் போலவே நடந்துகொள்வது. சீராக இல்லாத மணிகளில் வரிசை குழம்பியிருக்கும். மின் நிலையத்தில் ரெசின் போடுகிறவர் தனிமம் தேடவில்லை என்பது தெரியும். ஆனாலும் அவர் கேட்பதும் அதேதான்.

மறுபடி நீரேற்றத்துக்கு வருகிறேன். மேலாளர் விரும்பியது குறைந்த நேரம், நான் விரும்பியது முழு மணி. இரண்டும் எதிரெதிர் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. இருமடிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகு பேச்சு வேறு திசையில் திரும்பியது. கோபாலிமரை அமிலத்துக்கு அனுப்பும் முன்பே சல்லடையில் சலித்து, அகன்ற அளவைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்துவிட்டால், நடுத்தர மணிகளுக்கான படிகளைத் தைரியமாகச் சுருக்கலாம். அவைதான் பேட்சில் பெரும்பங்கு. திட்டப்பிரிவு கேட்ட அந்த வாரத்துக்கு ஒரு பேட்ச் உண்மையிலேயே கிடைத்தது. அதிரும் துளைவாய் வழியே துளியை ஒரே அளவில் விடும் முறையில் மணி செய்பவர்களுக்கு இந்தச் சலிப்பு வேலையே இல்லை. அந்த முறை உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதற்கு அழகான உருண்டைகள் மட்டும் காரணமல்ல, அமிலப் பிரிவில் மிச்சமாகும் இந்த நேரமும்தான்.

சலிப்பதிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. சின்ன மணிகளுக்கு ஏதோ ஒரு வழி உண்டு. நுண்ணிய அளவு கேட்கும் தனி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அரைத்துத் தூளாக வாங்குபவர்களும் இருக்கிறார்கள். சல்லடையின் மேல்தட்டில் தங்கும் பெரிய மணிகள்தான் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தனியாகச் சல்ஃபோனேற்றம் செய்தால் நீரேற்றம் இரட்டிப்பு நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாங்க வருபவர்களும் குறைவு. திட்டப்பிரிவு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுத்தர மணிகளோடு கலந்துவிடலாம் என்கிறது. கலந்தாலும் கொள்திறன் மாறாது என்பது அவர்களுடைய வாதம்.